ஹாங்காங்கில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: கப்பல் டூரா, சொந்தக் காலா?

கப்பல் காலை 8 மணிக்கு வரும், மாலை 6 மணிக்குக் கிளம்பும் என்று பயணத் திட்டத்தில் போட்டிருந்தால், பத்து மணி நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். கப்பலைக் கட்டி, இறங்க அனுமதி கொடுத்து, டூர் எடுத்தவர்களை முதலில் அனுப்பி, அப்புறம் மற்றவர்கள் வரிசையில் நகர்ந்து, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வரும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். திரும்பும்போதும் அப்படித்தான். கிளம்பும் நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது என் வழக்கம். ஆக மிஞ்சுவது ஆறரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஏழு. இதை யாரிடம் ஒப்படைப்பது? கப்பல்காரர்களிடமா, ஒரு வண்டிக்காரரிடமா, நாமே வைத்துக்கொள்வதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசியாவில் பல துறைமுகங்களில் நான் யோசிப்பேன், ஹாங்காங்கில் யோசிக்க மாட்டேன், தனியாகத்தான் இறங்குவேன். பாங்காக் என்று போட்டுவிட்டு லேம் சபாங்கில் நிறுத்துகிற கப்பல்களில் நகரத்துக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் பிடிக்கும், அங்கே கப்பல் டூருக்குக் கொடுக்கும் காசில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹாங்காங்கில் கப்பல் நகரத்துக்குள்ளேயே நிற்கிறது. ரயில், ஃபெர்ரி, பஸ் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் "நகரத்துக்குள்ளே" என்றாலும் எந்த இடத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதைப் பார்க்காமல் திட்டம் போட்டவர்கள்தான் அன்று மாலை டாக்ஸி வரிசையில் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கப்பல் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சிம் ஷா சுய் பகுதியில் இருக்கும் ஓஷன் டெர்மினல், 1966-ல் திறந்தது. கப்பலை விட்டு இறங்கினால் ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குள் இருப்பீர்கள், அதைக் கடந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே ஸ்டார் ஃபெர்ரி படித்துறை. இதைவிட வசதியாக ஒரு கப்பல் நிற்க முடியாது. இன்னொன்று காய் டாக். பழைய விமான நிலையத்தின் ஓடுபாதை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது அல்லவா, அதன் நுனியில் 2013-ல் கட்டியது. மிகப் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான் வரும். கட்டடம் அழகு, மாடியில் பூங்கா உண்டு, எதிரே ஹாங்காங் தீவின் கட்டடங்கள் எல்லாம் தெரியும். ஆனால் வாசலில் ரயில் கிடையாது. காய் டாக் என்ற பெயரில் எம்.டி.ஆர் (ஊரின் மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது ஓடுபாதையின் மறுகோடிப் பக்கம், நடக்கிற தூரமில்லை.

காய் டாக்கிலிருந்து வெளியேற மூன்று வழி. டாக்ஸி, பஸ், கப்பலோ டெர்மினலோ விடும் ஷட்டில். ஷட்டில் எங்கே போகும், காசு உண்டா இல்லையா என்பதெல்லாம் கப்பலுக்குக் கப்பல் மாறும், முந்தின நாள் இரவு ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2023 ஆகஸ்டில் ஒரு பெரிய கப்பல் வந்த அன்று டாக்ஸி கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தது ஹாங்காங்கில் பெரிய செய்தியானது. அதற்குப் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், மூவாயிரம் பேர் ஒரே மணி நேரத்தில் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தால் எந்த ஊர் டாக்ஸியும் போதாது. நான் விரும்புவது 5ஆர் பஸ்ஸை, இல்லையென்றால் 86-ஆம் எண் மினிபஸ்ஸை. முன்னது குன் டோங் பக்கமும் பின்னது கௌலூன் பே பக்கமும் போகும். இரண்டு இடத்திலும் எம்.டி.ஆர் உண்டு, அங்கிருந்து ஊர் முழுவதும் உங்களுடையது.

சரி, இப்போது கப்பல் டூரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரே பெரிய பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. நிம்மதிக்கு ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், நான்கு பேர் குடும்பம் என்றால் நான்கால் பெருக்க வேண்டும். அப்புறம் பஸ்ஸில் நாற்பது பேரோடு போகிறீர்கள், ஒருவர் கழிப்பறைக்குப் போனால் நாற்பது பேரும் நிற்க வேண்டும். அப்பா அம்மாவோடு ஒருமுறை இந்த மாதிரி அரை நாள் டூர் போனேன். விக்டோரியா பீக் என்ற மலையுச்சியில் கொடுத்தது நாற்பது நிமிடம், யாருமே கேட்காத ஒரு நகைக்கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெற்றோருக்கு வசதியாக இருந்தது உண்மை, படி ஏறி இறங்க வேண்டியதில்லை, வழி தேட வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வந்து "ஹாங்காங் எப்படி இருந்தது?" என்று கேட்டபோது அம்மா சொன்னது: "ஏசி நன்றாக இருந்தது."

ஏறி இறங்கும் சுற்றுலா பஸ் இரண்டாவது வழி. இதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் விலை அதிகம், சாலை நெரிசலில் அதுவும்தான் நிற்கும். இந்த ஊரில் சாதாரண பஸ்களே இரட்டை மாடி, டிராமும் இரட்டை மாடி. அதே காட்சியை மேல்மாடி முன்சீட்டிலிருந்து பார்க்க டிராமில் மூன்றரை ஹாங்காங் டாலர்கூட ஆகாது. ஒரு ஹாங்காங் டாலர் நம் காசில் தோராயமாகப் பதினொரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபம்.

தனியாகப் போவது என்று முடிவெடுத்துவிட்டால், எங்கே என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். இணையத்தில் பார்த்த முதல் பத்து இடங்களையும் ஆறேழு மணி நேரத்தில் திணிக்கப் பார்க்கிறார்கள், மலையுச்சி, பெரிய புத்தர், டெம்பிள் தெரு இரவுச் சந்தை (இரவுச் சந்தை, கப்பல் கிளம்புவதோ மாலை ஆறுக்கு!) என்று. கப்பல் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் திட்டம்.

ஓஷன் டெர்மினல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார் ஃபெர்ரி ஏறுங்கள். துறைமுகத்தின் குறுக்கே பத்து நிமிடத்துக்குள் ஹாங்காங் தீவின் சென்ட்ரல் பகுதிக்குப் போய்விடும், கட்டணம் வார நாளில் ஐந்து டாலர் அளவு, வார இறுதியில் கொஞ்சம் கூட. 1966-ல் இந்த ஃபெர்ரியின் முதல் வகுப்புக் கட்டணத்தை வெறும் ஐந்து காசு ஏற்றியதற்கு ஊரே கலவரத்தில் இறங்கியது, அந்த அளவுக்கு இது அவர்களின் அன்றாடப் படகு. எதிர்க்கரையில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து மலைச்சரிவில் ஏறும் எஸ்கலேட்டர் வரிசையைப் பிடியுங்கள். 800 மீட்டர் நீளம், வெயிலும் மழையும் படாமல் கூரை உண்டு, 1993-லிருந்து ஓடுகிறது. காலை பத்து மணி வரை இறங்குமுகமாக ஓடும், அதற்குப் பிறகுதான் ஏறுமுகம், கப்பலிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நேரம் சரியாகவே பொருந்தும். வழியில் ஹாலிவுட் ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மான் மோ கோயில், 1847-ல் கட்டியது. கூரையிலிருந்து கூம்பு கூம்பாகத் தொங்கும் சுருள் ஊதுவத்திகள், உள்ளே எப்போதும் புகை மூட்டம், சாம்பல் தலையில் விழும். நம் கோயில் கர்ப்பகிரகத்துக்குப் பழகிய கண்களுக்கு அந்த இருட்டு அந்நியமாகவே தெரியாது.

அப்புறம் மலையுச்சி. அங்கே ஏறும் மலை ரயிலான பீக் டிராம் 1888-லிருந்து ஓடுகிறது, 2022-ல் புதுப் பெட்டிகள் போட்டார்கள், செங்குத்தாக ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். ஒருமுறை அனுபவிக்கலாம். ஆனால் கப்பல் நாளில் அதன் வரிசை ஒரு மணி நேரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், போக வர டிக்கெட்டும் நூறு டாலருக்கு மேல். சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பஸ் அதே உச்சிக்குப் போகிறது, நாற்பது நிமிடம் பிடிக்கும், வளைவுகளில் கீழே பள்ளத்தாக்கு தெரியும், கட்டணம் டிராமோடு ஒப்பிட்டால் சில்லறை. நான் பஸ்ஸில் ஏறி, வரிசை இல்லாவிட்டால் மட்டும் இறங்கும்போது டிராம் எடுப்பேன். மேலே போனதும் காசு கொடுத்துப் பார்க்கும் மாடித் தளத்தை விட்டுவிட்டு லுகார்டு சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மரங்களுக்கு நடுவே சமதளமான நடைபாதை, ஒரு வளைவில் துறைமுகம் முழுவதும் காலடியில் விரியும், உங்கள் கப்பல் பொம்மை மாதிரி கீழே நிற்கும். ஒரே எச்சரிக்கை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள், உச்சியிலிருக்கும் கட்டடம் தெரியவில்லை என்றால் மேலே போனாலும் வெள்ளைச் சுவர்தான், அந்த நேரத்தைச் சாலையில் ஓடும் சாதாரண இரட்டை மாடி டிராமில் வான் சாய் பக்கம் போவதற்குச் செலவிடலாம். அந்த டிராமில் பின்பக்கம் ஏற வேண்டும், முன்பக்கம் இறங்கும்போதுதான் காசு.

காய் டாக் என்றால் நான் மலையுச்சிக்கு ஓட மாட்டேன். இது பலருக்குப் பிடிக்காத ஆலோசனை என்று தெரியும், "ஹாங்காங் போய் அதைப் பார்க்கவில்லையா" என்று ஊரில் கேட்பார்கள்தான். ஆனால் கப்பலுக்குப் பக்கத்திலேயே கௌலூனின் கிழக்குப் பகுதி இருக்கிறது, கூட்டம் குறைவு, பார்க்க அவ்வளவு இருக்கிறது. கௌலூன் பேயிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி டைமண்ட் ஹில். வெளியே வந்தால் சி லின் பெண் துறவியர் மடம், டாங் வம்சக் காலக் கட்டடக் கலையில் ஆணியே இல்லாமல் மரத்தை மரத்தோடு பொருத்தி 1998-ல் திரும்பக் கட்டியது. முற்றத்தில் தாமரைக் குளங்கள். சுற்றிலும் முப்பது நாற்பது மாடிக் குடியிருப்புகள் எட்டிப் பார்க்கின்றன, நடுவில் இந்த அமைதி. எதிரே "நான் லியான்" என்ற தோட்டம், அதற்குள் அருவிக்குப் பின்னால் ஒரு சைவ உணவகம் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஹாங்காங்கில் இப்படி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் சாதாரண விஷயமில்லை, ஏனென்றால் மற்ற இடங்களில் காய்கறி என்று கேட்டால் அதன்மேல் சிப்பிச் சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். மடத்துக்கும் தோட்டத்துக்கும் கட்டணம் கிடையாது.

அடுத்த ஸ்டேஷன் வோங் டாய் சின். ஊர்க்காரர்கள் உண்மையிலேயே வேண்டுதலோடு வருகிற கோயில். மூங்கில் குவளையில் எண் எழுதிய குச்சிகளைப் போட்டு, ஒன்று வெளியே விழும்வரை மண்டியிட்டுக் குலுக்குகிறார்கள், விழுந்த எண்ணை எடுத்துக்கொண்டு குறி சொல்பவரிடம் போகிறார்கள். நேரமிருந்தால் அங்கிருந்து கௌலூன் மதில் நகரப் பூங்காவுக்கு ஒரு டாக்ஸி. ஆறேழு ஏக்கர் நிலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சட்டம் எட்டாத ஒரு கட்டடக் குவியலில் வெயில் படாமல் வாழ்ந்த இடம் அது. 1993-லும் 94-லும் இடித்து, 1995-ல் பூங்காவாக்கிவிட்டார்கள். 1998 வரை விமானங்கள் இந்தப் பகுதியின் மொட்டைமாடிகளை உரசுவது போல இறங்கி எந்த ஓடுபாதையைத் தொட்டனவோ, அதே ஓடுபாதையின் நுனியில்தான் உங்கள் கப்பல் இப்போது நிற்கிறது.

பெரிய புத்தர்தான் தீர்மானமாக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. லான்டாவ் தீவின் மேல், 34 மீட்டர் வெண்கலச் சிலை, 268 படி, 1993-ல் முடித்தது. காய் டாக் ஸ்டேஷனிலிருந்து "நாம் சியோங்" என்ற ஸ்டேஷனில் மாறி டுங் சுங் போக ரயிலில் முக்கால் மணிக்குக் குறையாது, அதற்கு முன்னால் டெர்மினலிலிருந்து ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அதற்குப் பின்னால் கேபிள் கார், 5.7 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், வரிசை தனி. காற்றோ இடியோ வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அப்போது 23-ஆம் எண் பஸ்ஸில் மலைச் சாலை வழியாகத்தான் இறங்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், போக வரவே நான்கு மணி நேரம். பத்து மணி நேரம் நிற்கிற கப்பலில் இதைத் தனியாகச் செய்யலாம், வேறு எதையும் செய்ய முடியாது, நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இந்த ஒரு இடத்துக்குக் கப்பல் டூர் எடுப்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

வயதானவர்கள் இருந்தால்? எம்.டி.ஆர் வேகமானது, சுத்தமானது, ஆனால் தரைக்கடியில் நடக்கவிட்டுக் காலை ஒடித்துவிடும். லிஃப்ட் உண்டு, அது எந்த வாசலில் என்று தேடவே ஒரு நடை. நான்கு பேர் வரை ஒரு டாக்ஸியில் அடங்கிவிடலாம், இரண்டு இடம் மட்டும் வைத்துக்கொண்டு டாக்ஸியிலேயே போய் வருவது கப்பல் டூர் செலவில் பாதிகூட வராது. துறைமுகத்தைக் கடந்து தீவுக்குப் போனால் சுரங்கச் சாலைக் கட்டணம் சேரும், அதில் சண்டை போடாதீர்கள், அது முறையானதுதான். போக வேண்டிய இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் போனில் படமாக வைத்திருங்கள். கப்பல் டெர்மினலின் பெயரையும்தான், முக்கியமாக இரண்டு டெர்மினலில் எது என்பதை. கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

மற்றபடி காசுக்கு ஆக்டோபஸ் கார்டு. ரயில், பஸ், ஃபெர்ரி, டிராம், மூலைக்கடை எல்லாவற்றிலும் தட்டலாம், ஸ்டேஷனிலேயே வாங்கலாம், காய் டாக்கில் இறங்குகிறவர்கள் முதல் பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொள்ள வேண்டும். எம்.டி.ஆர் கதவில் வங்கிக் கார்டையே தட்டும் வசதியும் வந்துவிட்டது, இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள், கதவு முன்னால் நின்று ஓடிபிக்காகக் காத்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காகிதம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2017 ஜனவரியிலிருந்து ஹாங்காங் வருகைக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை, முடிவு பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும், ஆறு மாதம் செல்லும். அந்தச் சீட்டை அச்சிட்டு எடுத்துப் போக வேண்டும். பதிவு நிராகரிக்கப்பட்டால் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதனால் கப்பல் ஏறும் முந்தின நாள் உட்கார்ந்து செய்யாதீர்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

திரும்பி வருவதுதான் தனியாகப் போகிறவரின் உண்மையான பரீட்சை. போன் காட்டும் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும்போதே பாருங்கள். வியட்நாமிலிருந்து வந்த கப்பல் என்றால் ஒரு மணி நேர வித்தியாசம் குழப்பும். தீவிலிருந்து திரும்ப மாலை நேரத்தில் சுரங்கச் சாலை டாக்ஸி வேண்டாம், ரயில் அல்லது ஃபெர்ரி. காய் டாக்குக்கு சென்ட்ரலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள், அவ்வளவு ஆகாது, ஆனால் ஒதுக்குங்கள். கப்பலின் தினசரித் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும், அதைப் படமெடுத்து வையுங்கள். தவறிப்போனால் அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட் உங்கள் செலவு, அந்த நாட்டு விசா உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட்டைக் கப்பல் வைத்திருக்கிறதா என்பதையும் இறங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ஹாங்காங்கில் அடையாள ஆவணம் இல்லாமல் சுற்றக் கூடாது.

சில கப்பல்கள் இரவும் தங்கும், அல்லது பத்து மணிக்கு மேல் கிளம்பும். அப்படி அமைந்தால் பகலில் அவசரப்படாமல், வெயில் நேரத்தைக் கப்பலில் தூங்கிக் கழித்து, மூன்று மணிக்கு இறங்கினாலும் போதும். எட்டு மணிக்குத் துறைமுகத்தின் இரு கரைக் கட்டடங்களிலும் ஒளிக்காட்சி நடக்கும், அதற்காக சிம் ஷா சுய் கரையில் ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓஷன் டெர்மினலில் நிற்கிற கப்பல் என்றால் நீங்கள் மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்து அதைப் பார்க்கலாம்.